ஆரக்கிளை விட்டு போஸ்ட்கிரெஸுக்குப் போகலாம் என்று அலுவலகத்தில் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரக்கிள் என்ற கட்டண டேட்டாபேஸ் (தரவைச் சேமிக்கும் மென்பொருள்) ஓடும் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, திறந்த மூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு மாறலாமே என்று மேலே எழுதிக் கொடுக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எது உயர்ந்த டேட்டாபேஸ் என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. மறுக்கப்போகிறவர்கள் என்ன கேட்பார்கள், அப்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

போஸ்ட்கிரெஸ் யாருடையது? நாளைக்குக் கடையை மூடிவிட்டால்?

அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சி அது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் பின்னால்தான் சேர்ந்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இப்போதைய முழுப் பெயர் 1996-இல் வந்தது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பல கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். லைசென்ஸ், யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்ற பிஎஸ்டி வகையைச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஒரு பெரிய வெர்ஷன் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு திறந்த மூல டேட்டாபேஸை சன் கம்பெனி வாங்கி, சன்னை 2010-இல் ஆரக்கிள் வாங்கிய மாதிரி இதை யாரும் மொத்தமாக வாங்கிவிட முடியாது. மேலதிகாரிக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் வரலாறு சொன்னால் அவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பணம் எவ்வளவு மிச்சமாகும்?

பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் கவிழ்கின்றன. பட்டியல் விலையை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரக்கிளின் பெரிய பதிப்பான எண்டர்பிரைஸ் எடிஷன் ஒரு புராசசருக்கு 47,500 டாலர். இன்டெல் சிப்பில் ஒரு கோரை (சிப்புக்குள் கணக்கிடும் ஒரு பகுதி) அரைப் புராசசராகக் கணக்கிடுவார்கள். ஆக 16 கோர் சர்வருக்கு 8 புராசசர், 3,80,000 டாலர். டேபிளைத் துண்டுகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷனிங் வேண்டுமென்றால் புராசசருக்கு 11,500, கோளாறு காட்டும் டயக்னாஸ்டிக்ஸ் பேக்குக்கு 7,500, வேகத்தைச் சீராக்கும் டியூனிங் பேக்குக்கு 5,000 தனி. எல்லாம் சேர்த்தால் 5,72,000 டாலர். இதன் மேல் வருடா வருடம் சப்போர்ட்டுக்கு 22 சதவீதம், அதாவது 1,25,840 டாலர்.

ஆர்வக்கோளாறில் பலர் ‘5,72,000 டாலர் மிச்சம்’ என்று முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுவார்கள். அந்தப் பணம் எப்போதோ கட்டியாயிற்று, திரும்பி வராது. நிதிப் பிரிவில் இருப்பவர் இதை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் நம்பமாட்டார். உண்மையில் மிச்சமாகக் கூடியவை இரண்டுதான். ஒன்று, ஆண்டு சப்போர்ட். இன்னொன்று, இனிமேல் வாங்கவிருப்பவை: புதிய சர்வர், கூடுதல் கோர், பேரிடர் மையத்துக்கான இன்னொரு செட். அதுவும் பழையதை அணைத்த பிறகுதான் மிச்சம். இரண்டும் சேர்ந்து ஓடும் காலத்தில் செலவு கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதலை நீங்களே முன்வந்து எழுதிக் காட்டுங்கள்.

அப்புறம், பட்டியல் விலையை யாரும் கட்டுவதில்லை. கொள்முதல் பிரிவில் கேட்டு, கடைசியாகக் கட்டிய பில்லை வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கட்டாத லைசென்ஸுக்கான ஆபத்தைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், ஆனால் மிரட்டலாக வேண்டாம். டயக்னாஸ்டிக்ஸ், டியூனிங் பேக்குகள் எண்டர்பிரைஸ் எடிஷனில் இயல்பாகவே திறந்து கிடக்கும். யாராவது ஏடபிள்யூஆர் என்ற செயல்திறன் ரிப்போர்ட் ஒன்றை எடுத்தாலே பயன்படுத்தியதாகப் பதிவாகிவிடும். ‘டிபிஏ ஃபீச்சர் யூசேஜ் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்ற வியூவை (தயாராக இருக்கும் ஒரு பட்டியல்) திறந்தால் எது எப்போது பயன்பட்டது என்று தெரியும். ஒரு சர்வரைப் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரிக்கும் விஎம்வேரில் ஓட்டினால் இன்னொரு தலைவலி. சர்வரைப் பிரிப்பது பற்றிய ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் கொள்கை அதை ‘சாஃப்ட் பார்ட்டிஷனிங்’ என்கிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு நான்கு கோர்தான் கொடுத்தோம் என்ற வாதம் ஆடிட்டில் நிற்காது. அந்த மெஷின் ஓடக்கூடிய ஹோஸ்டுகளை (உண்மையான சர்வர்களை) எல்லாம் எண்ணச் சொல்வார்கள். மாறுகிறோமோ இல்லையோ, இந்த இரண்டையும் முதலில் சரிபார்த்துவிடுவது நல்லது. மாறப்போகிறோம் என்று விற்பனையாளர் காதில் விழுவதற்கு முன்பு.

எங்களிடம் இருப்பது சின்னப் பதிப்பான ஸ்டாண்டர்ட் எடிஷன் 2 தான்.

அப்படியானால் பணத்தை முன்னால் வைக்காதீர்கள். சாக்கெட்டுக்கு (சிப் பொருத்தும் இடம்) 17,500 டாலர். இரண்டு சாக்கெட் சர்வருக்கு ஆண்டு சப்போர்ட் 7,700 டாலர்தான் பட்டியலில். ஒரு சீனியர் டெவலப்பரின் சில மாத உழைப்பு அதைத் தின்றுவிடும். கோர் எத்தனை இருந்தாலும் 16 த்ரெட்டுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) மேல் அந்த எடிஷன் ஓடாது என்ற எல்லை உங்களுக்கு வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் அதுதான் உங்கள் வாதம்.

எவ்வளவு நாள் வேலை என்று கேட்டால் என்ன சொல்வது?

குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லாதீர்கள். ஓரா2பிஜி என்ற இலவசக் கருவி இருக்கிறது, பெர்லில் எழுதப்பட்டது. ஆரக்கிள் ஸ்கீமாவுக்குள் (டேட்டாபேஸ் பொருள்களின் தொகுப்பு) போய் டேபிள், வியூ, ட்ரிகர் (தரவு மாறினால் தானாக ஓடும் நிரல்), பேக்கேஜ் (ஃபங்ஷன்களின் தொகுப்பு) எல்லாவற்றையும் எண்ணி, மாற்றும் உழைப்பைத் தோராயமாகக் கணக்கிட்டுத் தரும். முடிவில் ஏ, பி, சி என்று ஒரு தரமும் 1 முதல் 5 வரை ஒரு கடின அளவும் கிடைக்கும். ஏ என்றால் கருவியே மாற்றிவிடும். சி என்றால் கையால் எழுத நிறைய இருக்கிறது.

அந்தக் கணக்கில் ஒரு அலகு என்பது ஐந்து நிமிடம், அதுவும் போஸ்ட்கிரெஸில் கைதேர்ந்தவருக்கு. முதல் தடவை செய்யும் குழுவுக்கு அதைப் பத்தாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறது அதன் கையேடே. நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தை வைத்துச் சின்ன எண்ணாகக் காட்டி அனுமதி வாங்கினால் பின்னால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இன்னொரு விஷயம். ஜாவா, டாட்நெட் நிரலுக்குள்ளும் ரிப்போர்ட்டுகளுக்குள்ளும் எழுதிவைத்த குவெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, அது தானாகப் போய்த் தேடாது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஜாபில் யாரோ எப்போதோ போட்ட ஷெல் ஸ்கிரிப்ட், கணக்குப் பிரிவு எக்செல் வழியாக நேரடியாக இழுக்கும் தரவு, இவையெல்லாம் வெளியேதான் இருக்கும். இதற்கு ஆரக்கிள் செஷன் பட்டியலைச் சில வாரங்கள் சேர்த்துவைத்து, எந்த மெஷினிலிருந்து எந்த நிரல் உள்ளே வருகிறது என்று பார்ப்பதுதான் வழி. மாதக் கடைசி கண்டிப்பாக அந்த வாரங்களுக்குள் வர வேண்டும்.

டேபிள்களின் அளவைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. தரவை நகர்த்துவது தெரிந்த வேலை. உழைப்பைத் தீர்மானிப்பது ஆரக்கிளுக்குள் எழுதிவைத்த நிரலான பிஎல்/எஸ்கியூஎல் வரிகள்தான்.

மாற்றும்போது எங்கே உதைக்கும்?

ஆரக்கிளின் ‘என்விஎல்’லுக்குப் பதில் போஸ்ட்கிரெஸின் ‘கோஅலஸ்’, ‘ரோநம்’முக்குப் பதில் ‘லிமிட்’, ‘கனெக்ட் பை’க்குப் பதில் ரிகர்சிவ் வித் குவெரி. இவையெல்லாம் சின்னத் தொந்தரவு. ஓட்டிப் பார்த்ததுமே பிழை காட்டிவிடும். பிழையே காட்டாமல் தவறான விடை தருபவைதான் ஆபத்து. அவற்றை அறிக்கையில் நீங்களே எழுதிவிட்டால், ‘இவன் உள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறான்’ என்ற நம்பிக்கை வரும்.

முதலாவது வெற்றுச் சரம், அதாவது ஒரு எழுத்தும் இல்லாத உரை. ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும் ‘நல்’லும் (மதிப்பே இல்லை என்ற குறி) ஒன்று. போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. அத்தோடு, ஆரக்கிளில் ‘நல்’லோடு ஒரு சரத்தை ஒட்டினால் சரம் அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸில் மொத்தமும் ‘நல்’ ஆகிவிடும். நம் ஊர்ப் பெயர்களில் இது உடனே தெரியும். இனிஷியல், ஒரு இடைவெளி, பெயர் என்று இரட்டைக் கோடு (||) போட்டு ஒட்டும் குவெரி எல்லா அலுவலகத்திலும் உண்டு. இனிஷியல் இல்லாதவர்களின் முழுப்பெயரும் ரிப்போர்ட்டில் காலியாக வரும். ‘கான்கேட்’ ஃபங்ஷனுக்கு மாற்றினால் தீரும், ஆனால் எல்லா இடத்திலும் தேடி மாற்ற வேண்டும்.

இரண்டாவது தேதி. ஆரக்கிளின் ‘டேட்’டுக்குள் மணி, நிமிடம், நொடியும் இருக்கும். போஸ்ட்கிரெஸின் ‘டேட்’டில் நாள் மட்டும்தான். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அப்படியே மாற்றினால் நேரம் சத்தமில்லாமல் போய்விடும். நேரத்தையும் வைக்கும் டைம்ஸ்டாம்ப்பாக மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: டிரான்சாக்‌ஷன், அதாவது ஒரே மூச்சில் நடக்க வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு. டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு இன்சர்ட் (புதிய வரி சேர்க்கும் கட்டளை) தோற்றால் ஆரக்கிள் அந்த ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு மேலே போகும். போஸ்ட்கிரெஸ் அந்த டிரான்சாக்‌ஷனையே செத்ததாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் எல்லாக் கட்டளைகளையும் மறுத்துவிடும். வங்கியிலிருந்து வரும் கோப்பை வரிவரியாக ஏற்றி, ஏற்கெனவே இருக்கும் வரியைப் பிழையாகப் பிடித்துக் கடந்துபோகும் நிரல் உங்களிடம் இருந்தால், முதல் இரட்டிப்பு வரியிலேயே மொத்த வேலையும் நின்றுவிடும். ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ (ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு) சேர்க்கலாம்; இல்லையென்றால் சேவ்பாயின்ட் (தோற்றால் திரும்பி வரும் இடம்) போடலாம். வரிக்கு ஒரு சேவ்பாயின்ட் என்று லட்சக்கணக்கில் போட்டால் வேகம் அடிபடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேக்கேஜ் என்ற பொருளே போஸ்ட்கிரெஸில் இல்லை. ஸ்கீமாவாகப் பிரித்து எழுதுவார்கள். பேக்கேஜுக்குள் இருக்கும் குளோபல் மாறிகளுக்கு நேரடியான மாற்று கிடையாது. மற்றதிலிருந்து தனியாகச் சேமிக்கப்படும் அட்டானமஸ் டிரான்சாக்‌ஷனும் அப்படித்தான். பிழைப் பதிவேட்டில் எழுத அதை நம்பியிருப்பவர்கள் இன்னொரு இணைப்பைத் திறக்கும் டிபிலிங்க் மாதிரி சுற்றுவழிக்குப் போக வேண்டும். ஆராஃப்சி என்ற எக்ஸ்டென்ஷன் ஆரக்கிள் ஃபங்ஷன்கள் பலவற்றைக் கொடுத்து வேலையைக் கொஞ்சம் குறைக்கும்.

வேகமாக இருக்குமா?

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுப் படங்களைக் காட்டாதீர்கள். பிஜிபெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியின் எண்ணும் உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்கள் ஆரக்கிளில் அதிக நேரம் தின்னும் குவெரிகள் ஒரு இருபதை எடுத்து, பெயர், போன் நம்பர், கணக்கு எண் எல்லாம் மறைத்த உண்மை அளவு தரவின் மேல் இரண்டிலும் ஓட்டுங்கள். சில வேகமாகும். சில மெதுவாகும். மெதுவானதையும் பட்டியலில் வையுங்கள். எந்த இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) சேர்த்தால் சரியாகிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஆரக்கிளில் ‘நம்பர்’ என்று மட்டும் அறிவித்த பிரைமரி கீ (வரியை அடையாளம் காட்டும் எண்), ‘நியூமெரிக்’ ஆக மாறி வந்திருந்தால் ஜாயின் (டேபிள்களை இணைக்கும் வேலை) மெதுவாகும். முழு எண் வகையான ‘பிக்இன்ட்’ ஆக மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பல வருடம் ஆரக்கிளைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒத்துக்கொள்ளவில்லை.

“தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா யாரு எழுந்திரிக்கிறது?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. அலுவலகத்தில் அந்தக் கேள்விக்கு ‘நான்’ என்று இதுவரை சொல்லி வந்தவர் அவர் மட்டும்தான். அவரை ஓரங்கட்டிவிட்டு மேலே போனால் உங்கள் அறிக்கை நிற்காது, நிற்கவும் கூடாது.

சோதனையின் பொறுப்பை அவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள், பயிற்சிக்கான நாட்களையும் பணத்தையும் திட்டத்தில் தனி வரியாக எழுதி. குவெரி பிளான் படிப்பது, இண்டெக்ஸ் போடுவது, லாக் சிக்கலைப் பிரிப்பது என்று அவர் கற்றதில் பெரும்பகுதி இங்கேயும் செல்லும். சப்போர்ட் தேவையென்றால் எண்டர்பிரைஸ்டிபி, பெர்கோனா, ஃபுஜிட்சு போன்றவர்கள் விற்கிறார்கள். அமேசான், அசூர், கூகுள் மூன்றிலும் அவர்களே பராமரிக்கும் போஸ்ட்கிரெஸ் கிடைக்கும். அதற்கான பில்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘இலவசம்’ என்ற வார்த்தையை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அவருக்குப் புதிதாக இருக்கப்போவது எது?

வேக்யூம். ஒரு வரியைத் திருத்தினால் ஆரக்கிள் பழைய வடிவத்தை அண்டூ பகுதியில் வைக்கும். போஸ்ட்கிரெஸ் அதே டேபிளுக்குள் வைக்கும். யாருக்கும் தேவையில்லை என்றான பிறகு வேக்யூம் வந்து கூட்டிப் பெருக்கும். ஆட்டோவேக்யூம் இதைத் தானாகச் செய்யும். ஆனால் யாரோ ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், அவர் வரும் வரை அதற்குப் பிந்திய குப்பை எதையும் அள்ள முடியாது. டிரான்சாக்‌ஷன் எண்ணும் 32 பிட்தான். சுமார் 200 கோடி எண்கள் கடப்பதற்குள் வேக்யூம் பழைய வரிகளை உறையவைக்க (எண்ணை இனிப் பார்க்கத் தேவையில்லை என்று குறிக்க) வேண்டும். முடியவில்லையென்றால் டேபிள்களைக் காப்பாற்ற எழுதுவதையே நிறுத்திவிடும். 2019 பிப்ரவரியில் மெயில்சிம்பின் மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை இப்படித்தான் படுத்தது. ‘ஆட்டோவேக்யூம் தொல்லை செய்கிறது, அணைத்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும் தடுங்கள்.

கனெக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி பிராசஸ் என்பது ஆரக்கிளிலும் வழக்கம்தான்; ஒரு பிராசஸைப் பலர் பகிரும் வசதிதான் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே இல்லை. ஆயிரக்கணக்கில் வந்தால் முன்னால் அவற்றைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் என்ற கருவியை வைக்க வேண்டும்.

ஆரக்கிளின் ஆர்மேன் மாதிரி பேக்கப் கருவி இருக்கிறதா?

பார்மேன், பிஜிபேக்ரெஸ்ட் இரண்டும் நன்கு பழகப்பட்டவை. கருவியைவிட, மீட்டெடுத்துப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிரல் சேமிப்புச் சேவையில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தும் எதுவும் எதிர்பார்த்தபடி கை கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று, டேட்டாபேஸ் 9.6 ஆக இருக்க, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 ஆக இருந்ததால் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. தற்செயலாக ஒருவர் சில மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்ததால் சுமார் ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் சோதனையில், வேறொரு சர்வரில் முழுவதும் மீட்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக் காட்டுங்கள். டிபிஏவின் மனம் மாறுவது பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

“அமேசானே ஆரக்கிளை விட்டுவிட்டது” என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அதன் மேல் நிற்காதீர்கள். சுமார் 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களிலிருந்து 75 பெட்டாபைட் தரவை நகர்த்தி முடித்ததாக 2019-இல் அமேசான் அறிவித்தது உண்மை. அவர்கள் டேட்டாபேஸ் விற்பவர்கள். போனதும் ஒரே இடத்துக்கு இல்லை, டைனமோடிபி, அரோரா என்று பல. உங்கள் மேலாளர் கொஞ்சம் படித்தவராக இருந்தால், போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்கியூஎல்லுக்குப் போனதாக ஊபர் 2016-இல் எழுதிய கதையைத் திருப்பிச் சொல்வார். அதுவும் உண்மைதான். ஒரு வரியைத் திருத்தினால் பல இண்டெக்ஸ்களில் எழுத வேண்டியிருக்கிறது என்பது அவர்களுடைய முக்கியக் குறை. அவர்கள் சுமை வேறு, உங்கள் சுமை வேறு.

தமிழ்ப் பெயர்கள் அகரவரிசையில் சரியாக வருமா?

கொலேஷனை, அதாவது வரிசைப்படுத்தும் விதியைப் பொறுத்தது. ‘சி’ கொலேஷனில் யூனிகோட் எண் வரிசையில் வரும்: ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ. ஐசியு என்ற மொழி நூலகத்தின் வழித் தமிழ் கொலேஷனைத் தேர்ந்தெடுத்தால் நாம் பள்ளியில் படித்த வரிசை கிடைக்கும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் கொலேஷனை நம்பினால் ஓஎஸ் மாற்றும்போது கவனம் தேவை. 2018-இல் வந்த 2.28 வெர்ஷன் வரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியதில், பழைய இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

மாறவே கூடாத இடம் உண்டா?

உண்டு. ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் (கணக்கு, கொள்முதல் போன்ற வேலைகளுக்கான மென்பொருள்) ஓட்டினால் அதன் கீழே ஆரக்கிள்தான் இருக்க முடியும். ஆரக்கிளின் திரை உருவாக்கும் கருவியான அபெக்ஸில் எழுதிய திரைகளும் அப்படித்தான்; மாறுவதென்றால் எல்லாத் திரைகளையும் புதிதாக எழுத வேண்டும். வாங்கிய மென்பொருள் எதுவானாலும் விற்றவர் போஸ்ட்கிரெஸை ஆதரிக்கிறேன் என்று எழுதித் தராமல் தொடாதீர்கள். பேக்கேஜ்கள் லட்சம் வரியைத் தாண்டி, எழுதியவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய், சோதனை நிரலும் இல்லையென்றால், டேட்டாபேஸை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

சரி, எதைக் கேட்டு அனுமதி வாங்குவது?

மொத்தமாக மாற்ற அனுமதி கேட்காதீர்கள். இரண்டு கேளுங்கள். இனி தொடங்கும் புதிய வேலைகள் போஸ்ட்கிரெஸில் இருக்கட்டும் என்பது ஒன்று. இருப்பதில் சின்னதாக, தனியாக நிற்பதாக, ஆனால் யாராவது தினமும் பயன்படுத்துவதாக உள்ள ஒரு அப்ளிகேஷனை மாற்றிப் பார்க்கலாம் என்பது இன்னொன்று. யாரும் தொடாத அப்ளிகேஷனை எடுத்தால் வெற்றி பெற்றாலும் யாருக்கும் தெரியாது. எந்த நிலையில் நிறுத்திவிட்டுத் திரும்புவோம், மாறிய பிறகு எழுதப்பட்ட தரவை எப்படி ஆரக்கிளுக்குத் திருப்பிக் கொண்டுபோவோம் என்பதை இரண்டு பத்தியில் எழுதிச் சேருங்கள். கையெழுத்துப் போடுகிறவர் கடைசிப் பக்கத்தில் தேடுவது அதைத்தான்.

மாறிய பிறகு பழைய ஆரக்கிளை எப்போது அணைப்பது?

படிக்க மட்டும் என்று வைத்துவிட்டு, மாதக் கடைசி, காலாண்டு, மார்ச் 31 கணக்கு முடிப்பு மூன்றும் புதியதில் ஒருமுறை ஓடி முடியும் வரை விட்டுவையுங்கள். நிரந்தர லைசென்ஸாக இருந்தால் சப்போர்ட்டை நிறுத்தினாலும் லைசென்ஸ் உங்களுடையதுதான்; புதிய திருத்தங்கள் மட்டும் கிடைக்காது. ஒரே ஒப்பந்தத்தில் வாங்கியதில் பாதியை மட்டும் நிறுத்தினால் மீதிக்கு விலையைத் திருத்திவிடுவார்கள் என்பதால், பாதி மாறினால் பாதிப் பணம் மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். சப்போர்ட் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. அந்தத் தேதியையும், நிறுத்துவதை எத்தனை நாள் முன்னால் எழுதித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்து, வேலைத் திட்டத்தை அதிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். சில வாரம் தவறினாலும் இன்னொரு வருடத்துக்குக் கட்ட வேண்டிவரும்.